உள்வட்டத்துக்குள் போன செருப்பு

தண்ணீரைக் கண்டால் காலை நனைக்காமல் திரும்பும் பழக்கம் எங்கள் டெல்டாக்காரர்களுக்குக் கிடையாது. இந்த வியாதியோடுதான் நான் நீடாமங்கலத்திலிருந்து இந்தோனேசியா போனேன். என் தங்கை கணவருக்கு அங்கே வேலை. "இங்க ஒரு எரிமலை ஏரி இருக்கு மச்சான், அவசியம் பாக்கணும்" என்று என்னையும் என் மனைவி கலாவையும் அழைத்திருந்தார்.

அது தேசியப் பூங்கா. மலையைச் சுற்றி மூன்று வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வெளிவட்டத்தில் ஊர்க்காரர்கள் நடவு நடலாம் (வரப்பைப் பார்த்ததும் இறங்கி நடக்கப் பார்த்தேன், கலா சட்டையைப் பிடித்து இழுத்தாள்). நடுவட்டத்தில் வனக்காவலரோடு மட்டும் நடக்கலாம். உள்வட்டமான ஏரிக்குள் யாருக்கும் இடமில்லை. படகில்லை, வலையில்லை, குளியலில்லை.

மேடேறிப் பார்த்தேன். மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றிய மாதிரி நீல நிறம். நடுவில் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. சின்னச் சத்தம்கூட இல்லை. வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துச் சண்டை போட்டே பழகிய எனக்கு, யாரும் உரிமை கேட்காத அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

கால் தானாகச் சரிவில் இறங்கியது. பின்னால் எங்களோடு வந்த வனக்காவலரின் விசில் சத்தம். திடுக்கிட்டுத் திரும்பியதில் வலது கால் ரப்பர் செருப்பு கழன்று தண்ணீரில் விழுந்து, காற்றுக்கு மிதந்து, ஏரிக்குள் புறப்பட்டுவிட்டது.

"அவர எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை."

காவலரிடம் பேசிவிட்டு மாப்பிள்ளை முகம் வெளுத்துத் திரும்பினார். "அவரே உள்ள போகக் கூடாதாம் மச்சான். தண்ணிய சோதிக்க ஆராய்ச்சிக்காரங்க வரப்போ எடுத்தாத்தான் உண்டாம்."

காவலர் வயர்லெஸ்ஸில் பேச ஆரம்பித்தார். எனக்குப் புரிந்த ஒரே சொல் 'இந்தியா'. (நாட்டுக்கே பேர் வாங்கிக் கொடுத்தாயிற்று!)

"கெளம்பறப்பவே ஷூ போடுங்கன்னு சொன்னேன்ல?" என்றாள் கலா.

கூனிக் குறுகி நின்றேன். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. காவல் காக்கிறவரே கை வைக்காத தண்ணீர்! அதன்மேல் என் நீல வார் செருப்பு மட்டும் ராஜா மாதிரி ஆவிக்குள் போய் மறைந்தது. ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டி மலை இறங்கினேன்.

சில மாதம் கழித்து மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பூங்கா வாசலில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே என் செருப்பு. ஏரியில் என்னவெல்லாம் விழக் கூடாது என்பதற்கு விளக்கமாம்.

இப்போதும் கல்யாண வீடுகளில், "உங்க வீட்டுலேர்ந்து வெளிநாட்டுல யார் யாரு செட்டில் ஆயிருக்காங்க?" என்று யாராவது கேட்டால், கலா சிரிக்காமல் சொல்வாள்:

"இவரு தங்கச்சி குடும்பம். அப்புறம் இவரோட வலது கால் செருப்பு."