பூட்டரசனை உயிர்ப்பிக்கும்படி வேண்டுதல்

அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில், மொன்ட்ரியால்
மாசி 18

பெருமதிப்புக்குரிய சித்திரக்கதை ஆசிரியர் ஐயா அவர்கட்கு,

வணக்கம். நானும் மனைவி சிவநேசமும் நலம். நியூயோர்க்கில் நீங்களும் உங்கள் அலுவலகத்தாரும் குளிருக்குத் தப்பிச் சுகமாக இருப்பீர்களென நம்புகிறேன். கடிதம் தமிழில் இருப்பதற்கு மன்னிக்கவும். என் ஆங்கிலம் கோபப்படப் போதும், கெஞ்சப் போதாது. சனிக்கிழமைகளில் அழ அழத் தமிழ்ப் பள்ளிக்கூடம் போன ஒருவர் உங்களிடம் வேலை செய்கிறார். அவரிடம் கொடுத்தால் வாசித்துச் சொல்வார். அவசரமில்லை.

விடயம் இதுதான். ஒன்பதாம் இதழில் நீங்கள் கொன்றுவிட்ட வில்லன் பூட்டரசன் நான்தான்.

உங்களுக்குப் படம் கீறுகிற ஆர்த்திகா என் மகள். நாலு வருடத்துக்கு முன், ஒரு மார்கழியில், மருந்தாளர் படிப்பை இடையில் விட்டுவிட்டு வந்து, "அப்பா, நான் படம் கீறப் போறன்" என்றாள். "உந்தப் பறக்கிற மனிசரைக் கீறி என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டு, அவள் படம் கீறிய கொப்பிகளையெல்லாம் வெளியே குப்பைப் பெட்டியில் போட்டேன். எடுக்க ஓடினாள். நான் கதவைப் பூட்டினேன். ஐந்து நிமிடம்தான் ஐயா. திறந்தபோது பெட்டியும் வெறுமை, வாசலும் வெறுமை. அவளுடைய குளிர்ச்சட்டை உள்ளே கொளுவியில் தொங்கியது. அன்றிலிருந்து தாயோடு மட்டும்தான் போனில் கதைப்பாள். நான் அறைக்குள் வந்தால் போன் நின்றுவிடும்.

போன கோடையில் நூலகத்துக்குப் பத்திரிகை பார்க்கப் போனேன். உங்கள் சித்திரக்கதையின் முதல் இதழ் அட்டையில் ஆர்த்திகா நகுலேஸ்வரன் என்று இருந்தது. என் பெயரை அவள் வெட்டவில்லை. உள்ளே பூட்டரசன்: வழுக்கை, கண்ணாடி, முறைக்கிற பார்வை. அவர் விரலைச் சொடுக்கினால் நகரத்துக் கதவுகளெல்லாம் பூட்டிக்கொள்ளும். வேறு ஆராக இருக்க முடியும்? அதையும் வாங்கி, அதன்பிறகு மாதாமாதம் இதழ் வாங்கக் கடைக்குப் போனேன். "மெசியு, வில்லனை அவ்வளவு பிடிக்குமா?" என்று கடைக்காரர் பிரெஞ்சில் கேட்டார். "ஓம், எங்கட ஆள்தான்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

அவளிடமிருந்து எனக்கு வருகிற ஒரே கடிதம் அதுதானே. ஆகவே குறைகளைத் திருத்தத் தொடங்கினேன். நாலாம் இதழில் பூட்டரசன் கையாட்களைப் பார்த்துக் கத்தினார் என்று நான் வீட்டில் சத்தம் போடுவதை நிறுத்த, சிவநேசம் பயந்துபோய் என்னைக் கிளினிக்குக்கு இழுத்துப்போய், "இந்த மனுசன் மூண்டு நாளாய் ஏசேல்லை, டொக்டர்" என்று முறையிட, ஆறு மணித்தியாலம் இருத்தி இரத்தம் எடுத்தார்கள்; எட்டாம் இதழில் ஓர் ஆஸ்பத்திரியையே பூட்டினார் என்று நான் வாசற்கதவைப் பூட்டாமல் விட, தை மாதக் காற்று அதைத் தள்ளித் திறந்து, தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்து, கீழ்வீட்டு ஹென்றியின் கட்டில் நனைந்து, அந்த மனிதர் இன்றைக்கும் என்னைக் கண்டால் பொன்ஜூர் சொல்வதில்லை. நான் திருந்தினேன், பூட்டரசன் திருந்தவில்லை. மாதாமாதம் இன்னும் கொடியவராக வந்தார். பரவாயில்லை, வந்தாரே.

இந்த மாதம் பாலம் இடிந்து ஆற்றில் விழுந்து இறந்துவிட்டார். மகள் என்னைக் கொன்றதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் இனி எந்த மாதம் என்னை நினைப்பாள்? உங்கள் கதைகளில் செத்தவர்கள் திரும்பி வருவது வழமை என்று கடைக்காரர் சொன்னார். பூட்டரசனையும் கொண்டுவாருங்கள். நல்லவனாக்க வேண்டாம். எவ்வளவு கெட்டவனாகவும் கீறட்டும். கீறினால் போதும்.

உங்கள் பிள்ளைகள் உங்களோடு கதைத்துக்கொண்டே இருக்க வாழ்த்தும்,
காலஞ்சென்ற வில்லன்,
க. நகுலேஸ்வரன்

பி.கு.: மேலுள்ளதைச் சிவநேசத்துக்கு வாசித்துக் காட்டினேன். "ஆர் சொன்னது உது நீங்களெண்டு? அது அவளுக்குப் படிப்பிச்ச ஒரு வாத்தியார். எனக்கு அப்பவே சொன்னவள்" என்றாள். பிறகு ஒன்பது இதழையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் விரலை வைத்தாள். ஒரு மஞ்சள் பள்ளிக்கூட பஸ். சண்டை நடக்கிற இடத்துக்கெல்லாம் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. சாரதியின் கழுத்தில் சிவநேசம் எனக்குப் பின்னித் தந்த பச்சைச் சால்வை. ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய் நகரில், இருபத்திரண்டு வருடம் நான் ஓட்டியது அப்படியொரு பஸ்தான். வில்லனையே பார்த்துக்கொண்டிருந்ததில் இதைக் காணவில்லை. ஆகவே பூட்டரசன் செத்தது செத்ததாகவே இருக்கட்டும். ஆனால் பாலம் இடிகிறபோது அந்த பஸ் பாலத்தின் நடுவில் நிற்கிறது. அடுத்த பக்கத்தில் இல்லை. சாரதி கரை சேர்ந்தாரா என்று கீறியவரிடம் கேட்டுச் சொல்லவும்.