லேமினேஷன் போட்ட தடுப்பூசி அட்டை

வீட்டில் ஒருவனுக்கு மட்டும் ‘படித்தவன்’ என்று பெயர் இருந்தால், அவன் எதையும் படிக்காமலே காலம் தள்ளிவிடலாம். நான் தள்ளியிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான்தான். அப்போது வாங்கிய மதிப்பெண் பட்டியலில் தொடங்கிய பழக்கம் இது: வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் கரையான்சாவடி ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் லேமினேஷன் போட்டுவிடுவேன். (கரண்ட் பில்லோடு போனபோது கடைக்காரரே தடுத்தார்.)

தெருக்குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்து, அக்கா வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் படுத்துவிட்டார். மகள் யாழினிக்காவது அது வரக்கூடாது என்று அக்கா தடுப்பூசி போட முடிவெடுத்தாள். கூட நானும் போனேன். நர்ஸ் முதல் ஊசியைப் போட்டு, இரண்டாவதன் தேதியை அட்டைக்குள் எழுதினார், வாயாலும் சொன்னார். நான் எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன். அன்று மாலையே அட்டைக்கு லேமினேஷன். மடித்தபடியே.

ஆறு மாதம் ஓடியது. “ரெண்டாவது ஊசிக்கு டைம் ஆயிடுச்சேடா” என்றாள் அக்கா.

“கார்டுல எழுதிக்கீது. நான் பாத்துக்கறேன்.”

பார்த்தேன். டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ நீல மசி தெரிந்தது. வெட்ட மனம் வரவில்லை, ஒப்புக்கொள்ளவும் வரவில்லை. “இன்னும் நாள் கீதுக்கா” என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன்.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காமாலை வந்துவிட்டது. அக்கா குழந்தையை இடுப்பிலும் என்னைக் கையிலும் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினாள். நர்ஸ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா தம்பி, பாதுகாப்பு புள்ளைக்கா, அட்டைக்கா?”

கத்தரிக்கோல் வந்தது. காத்திருந்த அம்மாக்கள் எழுந்து வந்தே பார்த்தார்கள். தேதி போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“லேட்டானா பரவாயில்ல, மொதல்லேர்ந்து போட வேணாம். இன்னிக்கே ரெண்டாவத போட்டுடலாம்” என்றார் டாக்டர். எனக்கு மூச்சு வந்தது. யாழினி ஊரைக் கூட்டி அழுதாள்.

அக்கா திட்டவில்லை. ஷேர் ஆட்டோவில் மெதுவாகச் சொன்னாள்: “ஆறு மாசம்னு என் காதுல தெளிவா வுழுந்துச்சுடா. படிச்சவன் சொல்றானேன்னு வுட்டுட்டேன்.”

அதற்குப் பதில் அவள் என்னை அறைந்தே இருக்கலாம்.

யாழினி இப்போது ஒன்றாம் வகுப்பு. போன வாரம், நான் மனுப் போட்டிருந்த வேலைக்குப் பதில் கடிதம் வந்தது. உறையைத் தூக்கிக்காட்டி, வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டையே அதிரவைத்தேன். அக்கா மகளைப் பார்த்தாள்.

“மாமா,” என்றாள் யாழினி, “மொதல்ல பிரிச்சுப் படி.”