நாலு விரல் வெற்றிடம்

பழவேற்காட்டை அறிவாளிகளின் ஊராக மாற்றிவிடுவது என்று எண்பத்தொன்றாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வரும் வழியில் முடிவு செய்தேன். ஊரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடும் அபாயம் இருந்தது.

கிளை நூலகத்தில் எனக்கு உத்தியோகம். அங்கே நாள் முழுக்கப் படிப்பவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் மின்விசிறிக்காக வருகிறார்கள். மின்சாரம் போனால் வாசகர்களும் போய்விடுவார்கள். எனவே அறிவை நாமே வீட்டில் தயாரித்து வெளியே அனுப்ப வேண்டியதுதான் என்று தோன்றியது. சென்னை மூர் மார்க்கெட்டில் கைப்பிடியைச் சுற்றினால் பிரதிகள் எடுத்துத் தரும் ஒரு பழைய சைக்ளோஸ்டைல் மிஷினைப் பிடித்து, பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்து முன்னறையில் இறக்கினேன். பத்திரிகையின் பெயர் ‘ஏரிமுரசு’. ஆசிரியர், வெளியிடுபவர், கைப்பிடி சுற்றுபவர்: சம்சுதீன். அதாவது நான்.

என் மனைவி கரீமா மிஷினைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“இன்னாங்க இது, கரும்புச் சாறு புழியறதா?”

“இது அறிவைப் பிழிவது.”

“யாரோட அறிவ?”

அவள் தையல் மிஷினுக்காக அந்த முன்னறையை மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கோபம் அவளுக்கு. தையல் மிஷின் இருந்தது அடுப்படி மூலையில். குப்பத்துப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைப்பவள் அவள்தான். அவளுடைய முதன்மை வாடிக்கைக்காரி பச்சையம்மா அன்றைக்கும் வந்து முறையிட்டாள்.

“பீவிம்மா, நீ தச்ச ரவிக்கையப் போட்டுக்கினு போனா பூனை பின்னாலயே வருது. துணி பூரா மீன் கொழம்பு வாசனை. முன்னால ரூம்புல ஒக்காந்து தையேன்.”

“அங்க அறிவு புழியறாரு” என்றாள் கரீமா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுச் சண்டையைச் சட்டப்படி தீர்ப்பது என்று ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஒப்பந்தம் எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியவற்றுள் மிகவும் கச்சிதமான உரைநடை அது:

‘மூன்றாம் இதழைக் குறைந்தது ஐம்பது பேர் வீடு தேடி வந்து கேட்டு வாங்கினால், முன்னறை என்றென்றும் ஏரிமுரசின் அலுவலகம். பத்திரிகை வேலைக்குப் பயன்படும் கருவிகளும் அவற்றை இயக்குவோரும் தவிர, வேறு எதற்கும் எவருக்கும் அங்கே இடமில்லை. ஐம்பதில் ஒன்று குறைந்தாலும் முன்னறை தையல் மிஷினுக்கு.’

‘வேறு எவருக்கும்’ என்பது பச்சையம்மாவை மனத்தில் வைத்து எழுதியது. கரீமா இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை விரல் வைத்துப் படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

முதல் இதழை இருவர் கேட்டு வாங்கினார்கள். ஒருவர் என் மைத்துனர். மற்றவர் வீடு தவறி வந்தவர்.

தவறு எங்கே? நூலகத்தில் சிறு பத்திரிகை நடத்துவோருக்கான ஓர் ஆங்கில வழிகாட்டி இருந்தது. அதைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது, என் கட்டுரையில் குற்றமில்லை, பக்க அமைப்பில்தான் குற்றம் என்று. முதல் பக்கத்தில் ஒரு படம் வேண்டுமாம். பத்தி அகலம் கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டுமாம். தலைப்பு எழுத்து ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். நான் ஒரே பக்கத்தில் ஏழு மாதிரி எழுதியிருந்தேன்.

இரண்டாம் இதழில் படம் போட்டேன். ஸ்டென்சில் தாளில் இரும்பு முனைப் பேனாவால் பூநாரை வரைவது எளிதல்ல. காலை வரையும்போது தாள் கிழிந்தது. கிழிசலை மூட ஒரு சிவப்புத் திரவம் உண்டு. சின்ன சீசாவில் வரும். தேடினேன். காணோம்.

“கரீமா, இங்கே ஒரு சிவப்பு சீசா...”

அவள் கையை நீட்டினாள். பத்து நகமும் பளபளத்தது.

“நகப்பூச்சுனு நெனச்சேன். எனக்காக வாங்கினு வந்தீங்கன்னு சந்தோஷப்பட்டேன்.”

ஒரு காலுடன் பூநாரை வெளிவந்தது. பக்கத்துக் குப்பத்து மாரி, பத்து வருஷமாக ஏரியில் வலை கட்டுபவன், அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

“இன்னா பாய் இது, ஒடஞ்ச துடுப்பா?”

“பூநாரை!”

“அது உயிரோட கீதா?”

இரண்டாம் இதழைக் கேட்டு வாங்கியவர்கள் நால்வர். இரட்டிப்பு வளர்ச்சிதான். ஆனால் ஐம்பதுக்கு இன்னும் நாற்பத்தாறு பேர் வேண்டும்.

மீண்டும் வழிகாட்டியைப் பிரித்தேன். அங்கே இருந்தது ரகசியம்: வெற்றிடம். பக்கத்தை அடைக்காதே, கொஞ்சம் வெறுமையாக விடு, வாசகனின் கண் அங்கே இளைப்பாறும் என்றது புத்தகம். எவ்வளவு நுட்பமான யோசனை! மூன்றாம் இதழின் முதல் பக்கத்தில் ‘பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைகளில் மண்டையோட்டுச் சிற்பங்கள்: ஓர் ஆய்வு’ என்ற என் கட்டுரை. உள்ளே அதன் தொடர்ச்சி. கடைசிப் பக்கத்தில் அதன் அடிக்குறிப்புகள். அவற்றின் கீழே நாலு விரல் உயரத்துக்கு வெற்றிடம்.

கரீமா எட்டிப் பார்த்தாள்.

“இது எதுக்கு வெத்தா வுட்டீங்க?”

“கண்ணுக்கு ஓய்வு.”

“கண்ணுக்கு ஓய்வு வேணும்னா மூடிக்க மாட்டாங்களா?”

“உனக்குப் புரியாது.”

“வெத்தாதான கீது. எனக்குக் குடுங்களேன். நான் எதாவது எழுதுறேன்.”

சமையல் குறிப்பு எழுதப்போகிறாள் என்று நினைத்தேன். பெண்கள் பகுதி என்று ஒன்று இருந்தால் பத்திரிகைக்கு ஒரு முழுமை வரும். பெருந்தன்மையோடு ஸ்டென்சில் தாளைக் கொடுத்தேன். அவள் அதை அடுப்படிக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்தபோது அந்த நாலு விரல் இடத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஒரு கட்டம். நேர்கோடு என்றால் அப்படி ஒரு நேர்கோடு. என் கோடுகள் ஏரி அலை மாதிரி போகும்.

“எதால் போட்டாய்?”

அவள் ஒரு சிறிய பல்சக்கரத்தைக் காட்டினாள். துணியில் வெட்டும் கோட்டைக் குறிக்கத் தையல்காரர்கள் உருட்டுவது. சைக்ளோஸ்டைல் என்ற பெயரே பல்சக்கரப் பேனாவிலிருந்து வந்ததுதான் என்று அவளுக்குக் கால் மணி நேரம் விளக்கினேன்.

“அப்ப இதுவும் பத்திரிகைக் கருவிதானே?” என்றாள்.

“சந்தேகமில்லாமல்.”

அச்சடித்த பிறகு, அடுத்தது இதழைக் கட்டுவது. இங்கே உப்புக் காற்றில் ஸ்டேப்ளர் பின் நாலே நாளில் துருப்பிடித்து, தாளில் மஞ்சள் கறை இறங்கும். கரீமா எல்லா இதழ்களையும் அள்ளிப்போய், தையல் மிஷினில் ஓரத்தைக் கடகடவென்று தைத்துக் கொடுத்தாள். தோற்பதற்கு இந்தப் பெண் ஏன் இவ்வளவு பாடுபடுகிறாள்? எனக்குக் கண் கலங்கியது. கணவன் ஜெயிக்கட்டும் என்று நினைக்கிறாள் போலும். அந்த நெகிழ்ச்சியில் கடைசிப் பக்கத்தைப் படிக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை கதவைத் தட்டியவன் மாரி.

“பாய், பொஸ்தகம் ஒண்ணு குடு.”

“எந்தப் புத்தகம்?”

“நீ அச்சடிக்கிறியே, அதான்.”

அவன் பின்னால் ஏழு பேர். ஏழு பேருக்குப் பின்னால் தெரு முனைவரை ஆட்கள். மண்டையோட்டில் இவ்வளவு ஆர்வமா? ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டே எண்ணினேன். நடுப்பகலுக்குள் அறுபத்தொன்று. தோணிரேவிலிருந்து படகில் வந்தவர்கள் மட்டும் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவரிடம் நெஞ்சை நிமிர்த்திக் கேட்டேன்.

“மண்டையோட்டைப் பற்றி எப்படிக் கேள்விப்பட்டீர்கள்?”

“யாரு மண்டைங்க?” என்றார் அவர், கவலையோடு.

குழப்பத்துடன் குப்பனின் டீக்கடைக்குப் போனேன். அங்கே ஒரு கட்டு ஏரிமுரசு இருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் நாலு விரல் உயரத்துக்கு, புள்ளிக் கோட்டின்மேல் சுத்தமாக வெட்டிய ஓட்டை. ஒரு மண்டையோட்டுக் கட்டுரையின் மேல் இரண்டு வடை உட்கார்ந்திருந்தது.

“குப்பா, என்ன அநியாயம் இது?”

“நான் வெட்டலீங்க பாய். அல்லாரும் வேணும்ற துண்ட வெட்டி எடுத்துக்கினு, மிச்சத்த இங்க போட்டுட்டுப் போறாங்க. நல்ல தாளு. எண்ண ஊற மாட்டேங்குது.”

“அந்தத் துண்டில் என்ன இருந்தது?”

அவன் தன் சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்துக் காட்டினார். கரீமாவின் உருண்டைக் கையெழுத்தில், அடுத்த இரண்டு வாரத்துக்கான ‘பாடு’ முறைப் பட்டியல்.

எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்த நாள், எந்தத் துறையில், யார் முறை என்று ஊர் கூடிச் சீட்டு எடுக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். யாரும் எழுதி வைப்பதில்லை, மனக்கணக்குதான். நடுவில் ஒரு நாள் காற்று கெட்டு ஏரிக்குப் போகாவிட்டால் கணக்கு ஆளுக்கு ஒரு மாதிரி நகரும். அப்புறம் கரையில் சண்டை.

“போன தபா மாரி ஒரு நாள் தப்பா எண்ணிட்டான்” என்றான் குப்பன். “அவன் முறை அன்னிக்கு வூட்டுல தூங்கினு இருந்தான். அன்னிக்குன்னு பாத்து எறா கொட்டுது. அவன் பொஞ்சாதி மூணு நாளு அவனோட பேசல. இப்ப பீவிம்மா புண்ணியத்துல அல்லாரு வூட்டுலயும் சுவத்துல ஒட்டிக்கினாங்க.”

வீட்டுக்கு நடக்கும்போது மனத்தைத் தேற்றிக்கொண்டேன். எதற்காக வந்தால் என்ன? கேட்டு வாங்கியவர்கள் அறுபத்தொரு பேர். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

“கரீமா, நான் ஜெயித்துவிட்டேன்.”

“ஆமாங்க. நீங்கதான் ஜெயிச்சீங்க” என்றாள் அவள். முகத்தில் வருத்தமே இல்லை. “பச்சையம்மாவோட வூட்டுக்காரருதான் சீட்டு எடுத்தவரு. அவரு அவகிட்ட சொன்னாரு, அவ எங்கிட்ட சொன்னா, நான் எழுதுனேன். எழுதுனத அவ குப்பம் குப்பமா சொல்லி வுட்டா. இனிமே பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா போடணுமாம்.”

“அது போகட்டும். முன்னறை பத்திரிகைக்கு.”

“பத்திரிகைக்குத்தான்.” அவள் ஒப்பந்தத்தை நீட்டினாள். “நீங்களே படிங்க. எதெதுக்கு அங்க எடம் உண்டு?”

“பத்திரிகை வேலைக்குப் பயன்படும் கருவிகள்...”

“பத்திரிகைய எதுல தச்சோம்?”

அதற்குள் அடுப்படியிலிருந்து மாரியும் இன்னொருவனும் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தார்கள்.

“எங்க எறக்கறது பீவிம்மா?”

“ஜன்னலாண்ட. அந்த மேஜைய அடுப்படி மூலைக்கு நவுத்துங்க.”

“அது என் மேஜை!” என்றேன்.

“மேஜை கருவியா? நீங்கதான சொல்லணும்.”

“நான் கைப்பிடி சுற்றுபவன்! இயக்குவோரில் நானும் உண்டு!”

“அது பதினஞ்சு நாளுக்கு அரை மணி நேரம். அப்ப வாங்க” என்றாள் கரீமா.

பச்சையம்மா பெட்டி நிறையத் துணியோடு உள்ளே வந்து சாவகாசமாக உட்கார்ந்தாள். “இவர் ‘எவருக்கும் இடமில்லை’ என்ற பிரிவின் கீழ் வருகிறார்” என்று ஒப்பந்தத்தைத் தட்டிக் காட்டினேன்.

“சேதி யாரு கொண்டாந்து குடுக்கறது?” என்றாள் கரீமா. “நிருபர் இல்லாம பத்திரிகையா?”

ஏரிமுரசு இப்போது முப்பத்திரண்டாம் இதழ் ஆகிவிட்டது. திருப்பாலைவனத்திலிருந்துகூட வந்து வாங்குகிறார்கள். முதல் பக்கம் பாடு, உள்ளே பஸ் நேரம். என் ஆராய்ச்சிக் கட்டுரையும் தவறாமல் வருகிறது: கடைசிப் பக்கத்தின் அடியில், நாலு விரல் இடத்தில், மீன் குழம்பு வாசனையோடு.