பாட்டிலை அப்பா பெயருக்கு அனுப்பவும்

வின்னிபெக்,
டிசம்பர் 27

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய யூலலி பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கை மகள் ஒனிக்கா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, நான், அம்மா, அம்மாவின் புது முழங்கால் மூட்டு, நால்வரும் நலம். அங்கே கயானாவில், நியூ ஆம்ஸ்டர்டாமில் நீங்களும் உங்கள் இரத்த அழுத்தமும் கோழிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸ் அன்று தொலைபேசியில் நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "பானை இருக்கா, போச்சா?" நான் "இருக்கு பெரியம்மா, விவரமா எழுதறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். விவரம் இதுதான். கொஞ்சம் நீளம். கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

அம்மாவின் அறுவை சிகிச்சைத் தேதி திடீரென்று முன்னால் வந்துவிட்டது, வாரக்கணக்கில் தினமும் கொதிக்க வைத்துக் காக்கிற பெப்பர்பாட் இறைச்சிக் குழம்புப் பானை அப்பா பொறுப்பில் இருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்று நீங்கள் போனில் சொன்னது எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. "வைபர்ட் கையில அந்தப் பானை கெட்டுதுன்னா, இதுதான் நான் அனுப்புற கடைசி பாட்டில். என் உசுரு இருக்கறவரைக்கும் ஒரு சொட்டு வராது." நீங்கள் சொன்னால் செய்கிறவர். அதனால்தான் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். நீங்கள் மூன்று நாள் விறகடுப்பில் மரவள்ளிச் சாற்றைக் காய்ச்சிக் கறுப்பாக்கி, பழைய ரம் பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றி, கனடாவுக்கு யார் விமானம் ஏறினாலும் அவர் பெட்டிக்குள் திணித்து அனுப்புகிற கசரீப், பானையைக் கெடாமல் காக்கிற அந்தக் கறுப்புச் சாறு, இல்லையென்றால், இந்த ஊரில் எங்களுக்குப் பனியும் உருளைக்கிழங்கும்தான் மிச்சம். கடையிலும் ஒன்று விற்கிறான், கிளிப் படம் போட்டு. அம்மா ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "மரவள்ளி இந்தப் பாட்டில் பக்கமே வந்ததில்ல" என்று அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டாள். நாடு விட்டு வந்தவர்களின் ஏக்கத்தைப் பற்றி நான் படிக்கிற புத்தகங்களில் கடல் வருகிறது, கப்பல் வருகிறது, கண்ணீர் வருகிறது. எங்கள் வீட்டில் அது, ஜூன் மாதத்தில் அம்மா உங்கள் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, அடியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. இரண்டு விரல் உயரம் இருந்தால் அன்று பாடுவாள். ஒரு விரல் என்றால் அன்று அப்பா காலணியைத் தப்பான இடத்தில் விட்டதாகச் சண்டை வரும்.

அப்பாவின் குற்றத்தை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. பதினொரு வருடத்துக்கு முன் நீங்கள் இங்கே வந்திருந்தபோதுதான் அது நடந்தது, விசாரித்துத் தீர்ப்புச் சொன்னதும் நீங்கள்தான். சுத்தமான ஒரே கரண்டியைத் தவிர வேறெதுவும் போகக்கூடாத பானைக்குள், காராமணிச் சாதம் ஒட்டிய கரண்டி போயிருந்தது. பத்தாம் நாள் மூடியைத் திறந்தால் நுரை. நீங்கள் ஒரு பருக்கையையும் பாதிக் காராமணியையும் எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்து எல்லாருக்கும் காட்டினீர்கள். அப்பா, "நான்தான் சிஸ்டர் யூலலி, பசிச்சுது" என்றார். அன்றிலிருந்து பானை பக்கம் அவர் போகக்கூடாது, யாராவது பரிமாறினால் தட்டை நீட்டலாம், அவ்வளவுதான் என்றீர்கள். அப்பா பதினொரு கிறிஸ்துமஸ் அப்படியே தட்டை நீட்டினார். ஒரு தடவைகூட முனகியதில்லை.

இந்த வருடம் அம்மா டிசம்பர் முதல் ஞாயிறு அன்று பானையை ஏற்றினாள். மாட்டுக்கால், மாட்டிறைச்சி, பன்றி வால், பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல், ஜன்னலோரத் தொட்டியில் காய்த்த நம் ஊர்க் குட்டி மிளகாய், எல்லாம் ஒழுங்காக. ஆறாம் நாள் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. யாரோ வர முடியாமல் போய்விட்டதாம், உடனே வரச் சொன்னார்கள். அறுவைக்குப் பிறகு நடைப் பயிற்சிக்காக இரண்டு வாரம் அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டு மாடிப்படிதான் காரணம். அம்மா காரில் ஏறும்போது தன் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "காலைல ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ, குமிழி வந்து பொங்கணும். ஆணியில தொங்குற கரண்டி மட்டும். ஒனிக்கா, நீ உன் அறைய விட்டுட்டு இங்க வந்து இரு. உங்கப்பன நம்பாத" என்றாள். பின் சீட்டில் இருந்த அப்பா, "நான் இங்கதான் இருக்கேன் வேவனி" என்றார். "தெரியும். அதனாலதான் சத்தமாச் சொல்றேன்" என்றாள்.

நான் என் துணிகளோடு வந்தபோது வீட்டில் அரிசியே இல்லை. இருபது பவுண்டு மூட்டையை அப்பா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். "கூட்டாளிய ஊர விட்டு அனுப்பிட்டேன்" என்றார். விடிவதற்கு முன்பே பஸ் ஓட்டக் கிளம்புகிற மனிதர், அதற்கும் அரை மணி முன்பே எழுந்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, பிரசவம் பார்க்கப் போகிறவர் மாதிரி பானை முன்னால் போய் நின்றார். கரண்டியைத் தொடும்முன் வாயைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டார். இது போதாதென்று, சாயந்தரம் ஆறு மணிக்கு அம்மாவுக்குப் போன் போட்டு, கொதிக்கிற சத்தத்தைக் கேட்கச் சொல்லிப் பானைப் பக்கம் பிடிக்க வேண்டும். அம்மா அங்கே கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். "இன்னும் வரல. குமிழி சின்னதா இருக்கு. ம், இப்ப. இன்னும் ரெண்டு நிமிஷம் விடு." ஒருநாள் ஒரு தாதி போனை வாங்கிக் கேட்டுவிட்டு, உங்கள் வீட்டில் யாருக்கு மூச்சுத் திணறல் என்று விசாரித்தாளாம்.

இப்படியே பானைக்குப் பதினைந்து நாள் ஆனது. பதினாறாம் நாள் புயல். காலை பதினொரு மணிக்கு மின்சாரம் நின்றது, நான் வேலை செய்கிற நூலகத்தை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஒரு மணிக்கு அப்பா வேலை முடிந்து வந்தபோது வீட்டுக்குள் மூச்சு விட்டால் புகை வந்தது. எங்கள் அடுப்பு மின்சார அடுப்பு. நான், "வெளிய குளிர் மைனஸ் இருபத்தெட்டுப்பா, பானைய வாசல்ல வச்சா ஒரு மாசத்துக்குக் கெடாது" என்றேன். எந்த அறிவுள்ள பெண்ணும் சொல்லக்கூடியதுதானே? அப்பா என்னை ஏதோ சர்ச்சில் சிரித்துவிட்டவளைப் போலப் பார்த்தார். "உறைய வச்சா அது தூங்கிடும். ஆறு மணிக்கு உங்கம்மாவுக்குப் போன் போடணும். கொதிச்சுதான்னு கேப்பா. என்னப் பொய் சொல்லச் சொல்றியா?" என்றார். கார் அன்று பார்த்து இருமிவிட்டுச் செத்தது. கேஸ் அடுப்பு இருக்கிற ஒரே கயானா வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், எங்கள் சங்கத் தலைவி மிஸ் இஸ்மே வீடு. அந்தத் தொப்பிக்காரிதான் பெரியம்மா, அம்மாவின் பெப்பர்பாட்டை "கிராமத்துச் சமையல்" என்று மேடையிலேயே சொன்னவள்.

அப்பா பானை மூடியைக் கயிறு போட்டுக் கட்டி, என் போர்வையைச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார். நான் பின்னால், ஆணியிலிருந்து எடுத்த கரண்டியைச் சுத்தமான தலையணை உறைக்குள் போட்டு, கொடி பிடிப்பதுபோல் தூக்கிக்கொண்டு. ஓட்டுநர் அப்பாவின் சிநேகிதர் டெஸ்மண்ட், கிரெனடாக்காரர். "என்ன வைபர்ட், போர்வைக்குள்ள யாரு, பேரப்புள்ளையா?" என்றார்.

"பதினாறு நாளு ஆகுது. பள்ளம் பாத்து ஓட்டு."

"உங்கப்பா மாதிரியே இருக்கான், கறுப்பா, குண்டா" என்று என்னிடம் சொன்னவர், மூடி இடுக்கு வழியாக வாசனை வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு மைல் தூரம் போனபின், "எங்கம்மா இதுல என்னடா போட்டுச்சு, கிராம்பா?" என்று யாரையோ கேட்டார். அந்த வாசனையில் இரண்டு பேர் இறங்க வேண்டிய இடத்தில் இறங்க மறந்துவிட்டதாக அப்பா சத்தியம் செய்கிறார். நான் பார்த்தது ஒருவரைத்தான்.

மிஸ் இஸ்மே கதவைத் திறந்து, பானையைப் பார்த்து, அப்பாவைப் பார்த்து, ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள். "வாங்க வாங்க, கிராமத்துக்கே கரண்ட் போச்சா?" அடுப்பைக் கொடுத்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பானை சூடேறி மூடியைத் திறந்ததும், தான் கிண்டிக்கொண்டிருந்த மக்ரோனிக் கரண்டியோடு நேரே வந்தாள். கரண்டி நுனியில் ஒரு மக்ரோனி வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. "ஒரு சொட்டு ருசி பாக்கறேன், அடுப்புக் கூலி." அப்பா பானைக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். எங்கள் அப்பா, பெரியம்மா. பஸ்ஸில் காசு போடாமல் ஏறுகிறவனிடம்கூட "பரவால்ல போப்பா" என்கிறவர்.

"மிஸ் இஸ்மே, உங்க அடுப்புக்கு என் நன்றி. உங்க கரண்டிக்கு வேண்டாம்."

"என் வீட்டுல நின்னுக்கிட்டு என்னையே தடுக்கறியா?"

"ஆமா. இறக்கிட்டுப் போகச் சொன்னா போயிடறேன். கொதிக்காட்டாலும் எடுத்துக்கிட்டுப் பனியில நடந்தே போறேன்."

அந்த நேரம் பார்த்து ஆறு மணி அடித்தது. அப்பா போனைப் பானைப் பக்கம் பிடித்தார். அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, "இது நம்ம அடுப்பு இல்லையே. இது கேஸ் சத்தம். வைபர்ட், நீ எங்க இருக்க?" என்றாள். அப்பா மறைக்கவில்லை. இஸ்மே வீடு என்றார். அம்மா, "அவ கரண்டி?" என்று மட்டும் கேட்டாள். "கிட்டவே விடல" என்றார் அப்பா. "சரி. நம்ம கரண்டியால அவளுக்கு ஒரு தட்டு குடு. என் பேரச் சொல்லிக் குடு."

மிஸ் இஸ்மே நின்றபடியே சாப்பிட்டாள். பாதித் தட்டில் உட்கார்ந்துவிட்டாள். வழித்து முடித்தபின் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இது யூலலி காய்ச்சினதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நான் கேட்டேன்னு அவகிட்டச் சொல்லாத" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

இருபத்திநாலாம் தேதி அம்மா நடைச்சட்டத்தோடு வீட்டுக்கு வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. நேரே சமையலறை. மூடியைத் திறந்து முகர்ந்தாள், ஆணியிலிருந்து கரண்டியை எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள், கண்ணை மூடினாள். அப்பா கதவுக்கு வெளியே, பழைய இடத்தில், தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார். "உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்றாள் அம்மா. அவ்வளவுதான். அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார்.

கிறிஸ்துமஸ் காலை, அம்மா பின்னல் ரொட்டியை வெட்டி வைத்துவிட்டு, யாரும் எதிர்பார்க்காமல் கரண்டியை அப்பாவிடம் நீட்டினாள். "வைபர்ட், இன்னைக்கு நீ போடு." பதினொரு வருடம் பெரியம்மா! அவர் மறுபடியும் போய் முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தார். அம்மாவுக்குப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லார் கையிலும் ரொட்டி இருக்க, வீட்டில் ஒரு மணி அரிசியும் இல்லாமலிருக்க, மிக மரியாதையாக, "ஒனிக்கா, உனக்குச் சாதம் ஏதாவது வேணுமா?" என்று கேட்டார். எனக்குப் புரை ஏறித் தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. அம்மா, "இந்த மனுஷனுக்கு அரிசி நெனப்பே போகாது" என்றாள்.

ஆகவே பெரியம்மா, உங்களிடம் என் விண்ணப்பம் ஒன்றுதான். மனிதர் திருந்திவிட்டார். தண்டனை முடிந்தது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த பாட்டில் முதல் முறையாக அப்பா பெயர் எழுதி வந்தால் அதைவிட மேல். கோழிகளுக்கு என் விசாரிப்பு. பக்கத்து வீட்டு மாமாவுக்கு வணக்கம். உங்கள் ஜெபங்களில் எங்கள் நால்வரையும், மூட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்ப்படிதலுள்ள மகள்,
ஒனிக்கா

பி.கு. இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இனி எழுதுவதைக் காட்டப்போவதில்லை. மேலே "மனிதர் திருந்திவிட்டார்" என்ற வரியை அடித்துவிடுங்கள், அவரிடம் திருந்த எதுவும் இருந்ததில்லை. அந்தக் காராமணிக் கரண்டி என்னுடையது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பசி, இன்னொரு கரண்டி எடுக்கச் சோம்பல். நீங்கள் தட்டில் பருக்கையை வைத்து எங்களை வரிசையாக நிறுத்தியபோது அப்பா என் முகத்தை ஒரு நொடி பார்த்தார், பிறகு பசிச்சுது என்றார். அவ்வளவு கறாராக விசாரித்தீர்களே, ரொட்டி இல்லாமல் பெப்பர்பாட்டை ஒருநாளும் தொடாத மனிதர் கரண்டியில் சாதம் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. அவரும் இந்தக் கிறிஸ்துமஸ் காலை வரை அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. பேசியதும் அந்த ஒரு கேள்விதான். தடை போட வேண்டுமென்றால் என்மேல் போடுங்கள். பதினொரு வருடம் தட்டை நீட்டுகிறேன், அவர் பரிமாறட்டும். பாட்டிலை மட்டும் அப்பா பெயருக்கு அனுப்புங்கள்.