போருக்கு இல்லை, போட்டுக்கு

ஏரிக்கரையில் அன்று காலை இருந்தவர்கள்: மீன் குத்தகைக்காரர் ஜெகதீசன், விஷயம் கேள்விப்பட்டதும் ஒத்தாசைக்கு ஓடி வந்த அவர் மனைவியின் தம்பி கோகுலகிருஷ்ணன், ஒரு பைபர் படகு, அதன் பின்னால் மாட்டிய புத்தம்புது கரண்டு மோட்டார். வராதது பேட்டரி மட்டும்.

ஒரு மாதமாக, ஜெகதீசன் மத்தியானம் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து எவனோ எதிர்க்கரைக் கோரைக்குள் வலை வீசிக்கொண்டிருந்தான். இவர் துடுப்புச் சத்தம் கேட்டதும் ஆள் மறைந்துவிடுவான். இந்த வருஷமும் மீன் போனால் ஏரியை விட்டுவிட்டு மறுபடி சென்னையில் செக்யூரிட்டி வேலைதான். அதனால்தான் சத்தம் போடாத மோட்டார்.

"கார் பேட்டரியே போதும் மாமா. வண்டியையே கிளப்புது, போட்டத் தள்ளாதா?" என்றான் கோகுல்.

காரிலிருந்து கழற்றி மாட்டினார்கள். அரை மணி நேரத்தில், சரியாக நடு ஏரியில், மோட்டார் நின்றது. துடுப்பு கரையில் இருந்தது. ஜெகதீசன் கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளிக் கரை சேர்ந்தார். பேட்டரியைத் திரும்ப மாட்டினால் காரும் கிளம்பவில்லை.

"அது கிளப்பிவுடத்தான் மச்சான். நின்னு இழுக்காது" என்றார் ஜெகதீசன்.

"நின்னு இழுக்கறது இன்வர்ட்டர் பேட்டரி. வூட்ல சும்மாதான கெடக்குது?"

அறுபது கிலோ. இருவரும் தூக்கிப் படகில் வைத்தபோது ஆசிட் சிந்தி ஜெகதீசனின் வேட்டியில் நாலு ஓட்டை விழுந்தது. படகின் பின்பக்கம் அமிழ்ந்து மூக்கு வானத்தைப் பார்த்தது. அந்த நேரம் ஊரில் கரண்டு போயிற்று. மனைவி இளவரசி போன் செய்தாள்.

"ஏங்க, பேட்டரி இருந்த எடத்துல பல்லி குந்திக்கினு கீது. பேட்டரி எங்க?"

"ஏரில."

"அப்ப நானும் அங்கயே வந்து குந்திக்கிறேன். காத்தாவது வரும்."

ஜெகதீசன் திண்டிவனம் பேட்டரிக் கடை நம்பரைத் தேடிப் போன் போட்டார்.

"திண்டிவனம் வேணாம் மாமா. விழுப்புரத்துல பாத்துக்கலாம். நாலு நாள் போவட்டும்" என்றான் கோகுல்.

அதற்குள் கடையில் மெக்கானிக் ராஜாமணி போனை எடுத்துவிட்டான்.

"மோட்டாருக்கு பேட்டரி வேணும்பா. போட்டுக்கு."

"போருக்கெல்லாம் பேட்டரி தாங்காதுங்க. லைன் கரண்டுதான் கேக்கும்."

"போர் இல்லப்பா, போட்டு. ஏரில ஓட்றது."

"ஓ, போட்டா? அப்ப லித்தியம், நூறு ஏ.எச். பன்னெண்டு கிலோதான், மூணு மணி நேரம் இழுக்கும். ஜல்தியா கொண்ணாந்து மாட்டிக் குடுத்துட்றேன்."

மத்தியானம் ராஜாமணியின் பைக் கரையில் ஏறியது. "ஸ்பேனர் எடுத்தாறேன் மாமா" என்று கோகுல் கரையோர மோட்டார் கொட்டாய்க்குள் போனான். ஸ்பேனர் அவன் கையில்தான் இருந்தது.

ராஜாமணி பேட்டரியை ஒற்றைக் கையில் தூக்கி வைத்தான். மோட்டார் ஓடியது. பக்கத்தில் மிதந்த நீர்க்கோழிகூடத் திரும்பவில்லை.

"கரெக்டா எடுத்தாந்தியேப்பா. போட்டுக்கு நெறைய பேரு வாங்கறாங்களா?"

"எங்கங்க. உங்களுக்கு முன்னாடி ஒரே ஒருத்தர்தான். இதோ கொட்டாய்க்குள்ள போனாரே, அவரு. போன மாசம், இதே ஏரிக்கு. துளி சத்தம் கேக்கக்கூடாதுன்னாரு."

ஜெகதீசன் நடந்துபோய்க் கொட்டாய்க் கதவைச் சாத்திப் பூட்டினார்.