பதினாலு கிலோ பலகையும் என் இடுப்பும்

அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா மிக்க சௌக்கியம். நான் இடது பக்கம் சாய்ந்தபடி சௌக்கியம். போனில் பேசினால் அவள் காதில் விழும் என்பதால் இந்தக் கடிதம்.

ஏரியில் நின்றுகொண்டே துடுப்புப் போடுவார்களே, அந்தப் பேடில் போர்டு வேண்டும் என்று உன் அக்கா போன வாரம் கேட்டாள். கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று எட்டே கிலோ. ஆனால் மேல்தோல் மெல்லிசு, கல்லில் இடித்தால் விரிசல் விடுமாம். இன்னொன்று பதினாலு கிலோ. அடுக்கடுக்காக ஒட்டியது, கீழே போட்டாலும் ஒன்றும் ஆகாதாம். முப்பது வருஷம் லாரிப் பட்டறைக்கு உதிரிச் சாமான் பார்த்துப் பார்த்து வாங்கியவன் நான், எதை எடுப்பேன்? "மெல்லிசுதான் வேணும், தூக்கப்போறது நானா நீங்களா?" என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். நான் இரண்டு காலிலும் நின்று கனமானதையே வாங்கினேன்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். நமக்கோ மூன்றாவது மாடி, லிஃப்டில் பலகை நுழையாது. காலை ஆறு மணிக்கு "என்னங்க, ஒரு கை பிடிங்க" என்று குரல் வரும். முதல் நாள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு, பலகையின் மூக்கு எலக்ட்ரீஷியன் வீட்டு மணியை அழுத்தி, அவர் வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்து "யாரு வேணும்?" என்று கேட்க, "யாரும் வேணாங்க, திரும்ப இடம்தான் வேணும்" என்று நான் கெஞ்ச, மறுநாள் சுவரில் இடித்துச் சுவர்தான் பெயர்ந்தது, பலகையில் ஒரு கீறல் கிடையாது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட, ஆனால் மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏரி வரை சுமந்து, கரையில் அவள் செருப்புக்குக் காவல் இருந்து, மறுபடி மூன்று மாடி ஏத்தணும். ரிட்டையர் ஆனவன் நிம்மதியா சோபாவில் சாயக்கூடாதா, நீயே சொல்லு.

கீறல் இல்லாமல் கொண்டுவந்தால் சனிக்கிழமைக்குள் மாற்றித் தருவாராம் கடைக்காரர். நீ படகு இன்ஜின் பார்க்கிறவன், தண்ணீர் விஷயத்தில் உன் பேச்சு எடுபடும். "மெல்லிசுதான் நல்லதுக்கா" என்று உன் யோசனையாகச் சொல்லிவிடு. என் பேரை மட்டும் இழுக்காதே. தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

உன் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நிமிர்ந்த முதுகோடும் இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: இடுப்பு வலி என்று இன்று ஏரிக்கு மட்டம் போட்டுவிட்டு, இதைத் தபாலில் போட இறங்கினேன். எதிரே உன் அக்கா, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தனியாக, மூச்சுகூட வாங்காமல் படியேறி வருகிறாள்! "அப்ப இத்தனை நாளா?" என்றேன். "வேலையை விட்ட நாலு மாசமா நீங்க அந்த சோபாவை விட்டு எழுந்திரிக்கல. வாங்க நடக்கலாம்னா வருவீங்களா? நான் மெல்லிசு கேட்டா நீங்க கனமானதைத்தான் வாங்குவீங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தேன், மச்சான். உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். நீ அவளிடம் ஒன்றும் சொல்லாதே. இடுப்பில் கட்டும் பெல்ட் ஒன்று வாங்கி அனுப்பு. பத்து வருஷமாவது உழைக்கிறதாகப் பார்.