கிளவுடில் இளைத்த இசைக்குழு

அன்புள்ள அக்கா மகனுக்கு, உன் மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தை, அவளுடைய தையல் மிஷின் மூவரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும்.

இது இப்படித்தான் நடக்கும் என்று நீ ஊர் திரும்பிய அன்றைக்கே சொன்னேன். உன் காதில் விழுந்திருக்காது, ரயில் கிளம்பிவிட்டது.

நீ லீவில் வந்தபோது அத்தையின் தையல் கடை அளவுகளையெல்லாம் கிளவுடில் ஏற்றிக்கொடுத்து, கம்ப்யூட்டர் கெட்டாலும் அளவு கெடாது, வீட்டிலிருந்தும் பார்க்கலாம் என்றாயே, அதன் நுணுக்கம் இந்தத் தெருவில் முழுதாகப் புரிந்தவன் நான் ஒருவன்தான். நான் தாளத்தட்டு அடிக்கும் இசைக்குழுவில் இருபது பேருக்கும் கோட் தைக்கும் வேலை அத்தைக்கு வந்தது. கச்சேரிக்குப் பெரிய ஓட்டல் மேனேஜர் வருகிறார். கோட் கச்சிதமாக இருந்தால் ஓட்டல் சீருடை மொத்தமும் அவளுக்கு, இல்லாவிட்டால் பழையபடி கிழிசல் தைப்பதுதான். துணியோ அளந்து வாங்கியது, கைக்குட்டைக்குக்கூட மிச்சமில்லை. அவரவர் அளவை அவரவரே சரிபார்க்கட்டும் என்ற பெருந்தன்மையில் கிளவுடில் இருந்த அளவுப் பக்கத்தை எல்லோர் போனுக்கும் அனுப்பினேன். பார்க்க மட்டுமா, திருத்தவுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. மனிதரைச் சந்தேகிப்பது நம் குடும்பத்தில் இல்லை, திருத்தவும் என்றே அமுக்கினேன். மறுநாள் காலை கத்தரியோடு கம்ப்யூட்டரைப் பார்த்த அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, டிரம் அடிக்கிறவருக்கு இடுப்பு நாப்பத்தி நாலு எடுத்தேன். இங்க முப்பத்தி நாலுன்னு இருக்கு."

"நடந்திருப்பாரு."

"நடந்தாரா, நாடு கடந்தாரா? ஒரே ராத்திரியில பத்து அங்குலமா? குழல் ஊதுறவரு வேற அரை அடி வளந்திருக்காரு."

டிரம்காரருக்குப் போன் போட்டாள். "தங்கச்சி, அதான் என் நிஜ அளவு. நீ அளந்தப்ப நான் சாப்பிட்டிருந்தேன்" என்றார். மற்றவர்களும் அதே பாட்டுத்தான், ஆளுக்கொரு சுருதியில். நிஜ அளவு போட்டால் கோபித்துக்கொண்டு மேடை ஏற மாட்டார்கள். அவர்கள் அளவு போட்டால் பொத்தான் தெறித்து மேனேஜர் மடியில் விழும். அத்தை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அங்கேதான் உன் மாமாவின் மூளை வேலை செய்தது. "அடியே, கிளவுடு எதையும் மறக்காது. நேத்துப் பக்கம் உள்ளேயே இருக்கும், அதைத் திருப்பு" என்றேன். பழைய அளவெல்லாம் திரும்பி வந்தது. "இதைப் பாத்து வெட்டு. தைச்சு முடிச்சதும் அவங்க ஆசைப்பட்ட அளவையே மறுபடி ஏத்திடு, காலர்ல தைக்கிற அளவுச் சீட்டுலயும் அதையே போடு" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

கோட் போட்ட அன்று ஒருவரும் கண்ணாடியை விட்டு நகரவில்லை. "பாத்தியா தங்கச்சி, முப்பத்தி நாலு. பொத்தான் வெண்ணெய் மாதிரி நுழையுது" என்றார் டிரம்காரர். அந்தச் சந்தோஷத்தில் வாசித்த வாசிப்பில் கூரை எழும்பி உட்கார்ந்தது. மேனேஜர் கண்ணீர்விட்டு, சமையல்காரர் முதல் வாட்ச்மேன் வரை சீருடை அத்தைக்கே என்று மேடையிலேயே அறிவித்தார். இப்போது கடையில் இரண்டாவது மிஷின் ஓடுகிறது.

அம்மா அப்பாவுக்கு என் அன்பைச் சொல். உன் பாஸ்வேர்டு எந்நாளும் உனக்கு ஞாபகமிருக்க ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: அத்தை இதைப் படித்துவிட்டு, ஒரு இடத்தைத் திருத்தாவிட்டால் தபால்தலை கிடையாது என்கிறாள். பழைய அளவில் வெட்டி, ஆசை அளவைச் சீட்டில் போடும் யோசனை நான் சொன்னதல்ல, அவளுடையது. என் கோட்டுச் சீட்டிலும் முப்பத்து நாலுதான் போட்டிருந்தது. கச்சேரி முடிந்து வீடு வந்து அவள் உண்மையைச் சொல்லும்வரை நான் இளைத்துவிட்டதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.